பதினாறு அடித் தொட்டியும் ஆயம்மாளின் பூட்டும்

"பெயர்: ஆயம்மாள். வயது: இருபத்தெட்டு (தோராயமாக). ஊர்: கல்வராயன் மலை. பெற்ற பயிற்சி: வண்ண மீன் வளர்ப்பு, மூன்று நாள். இயல்பு: அமைதியானவர், கூச்ச சுபாவம் உடையவர், எளிதில் வழிநடத்தத் தக்கவர். வாடிக்கையாளரிடம் இனிமையாகப் பேசப் பழக்கினால் நல்ல விற்பனையாளராக வர வாய்ப்புண்டு."

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் தன் கோப்பில் எழுதி வைத்த குறிப்பு இது. எழுதியவர் நல்ல மனிதர். மூன்று நாளும் இந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை என்பதைக் கவனித்து, அதற்குக் கூச்சம் என்று பெயர் வைத்தார். உண்மையில், பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாளே குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குளோரின் போக ஆற விடாமல் அப்படியே மீனைத் தூக்கிப் போட்டதை ஆயம்மாள் பார்த்துவிட்டாள். இந்த ஆளிடம் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அப்போதே முடிவு கட்டியாயிற்று.

இப்போது கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், ஐந்து கடைகள் கொண்ட ஒரு வளாகத்தின் கடைசிக் கடை அவளுடையது. பெயர்ப்பலகையில் 'கவியா அக்வேரியம்' என்று மகளின் பெயர். மற்றவர்கள் பொருளை விற்கக் கடை வைப்பார்கள், ஆயம்மாள் விற்காமல் இருப்பதற்காகவே கடை வைத்திருக்கிறாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்க ஒரு தங்கமீன் கேட்டு வந்த வங்கி அதிகாரியிடம், "அதுல எலுமிச்சம்பழம் போட்டு வைங்க, நல்லாருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இரண்டு முரட்டு மீனை ஒரே தொட்டியில் விடப்போவதாகச் சொன்ன ஆசிரியரிடம், "எதுக்கு வூடு வரைக்கும் எடுத்துக்கினு போறீங்க? இங்கியே கொன்னு குடுத்துடறேன்" என்றாள். இத்தனைக்கும் கடை ஓடியது. திட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அவள் கொடுத்த மீன் சாகவில்லை.

அவள் தொழிலைக் கற்றது பயிற்சியில் அல்ல, முதல் இரண்டு வருடம் தன் கையில் செத்த மீன்களிடம். கணவர் மூக்கன் கச்சிராயபாளையத்துக்கும் வெள்ளிமலைக்கும் ஜீப் ஓட்டுகிறவர். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து அடித்து, வீட்டில் பேசுவதற்கு அவரிடம் சத்தம் மிச்சமிருக்காது. ஆயம்மாளோடு சண்டை போடாத ஒரே மனிதர் என்ற பெருமை அவருக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் கடையை அவள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம், பின்புறம் இருந்த கிணறு. சுற்றுவட்டாரத்தில் எங்கே போர் போட்டாலும் சோப்பு நுரைக்காத உப்புத் தண்ணீர்தான். இந்த ஒரு கிணறு மட்டும் என்ன காரணமோ இனித்துக் கிடந்தது. அவளுடைய நாற்பத்திரண்டு தொட்டிகளிலும் அந்தத் தண்ணீர்தான். வேறு இடத்துக்குப் போனால் பாதி மீன் முட்டையே போடாது. கிணறு போனால் தொழில் போயிற்று.

கிணறும் கடைகளும் ராஜாங்கத்துக்குச் சொந்தம். தியாகதுருகம் பக்கம் கரும்பு போட்ட குடும்பம். ஒரு பேக்கரிக்காரர் மொத்த வளாகத்தையும் கேட்டிருக்கிறார், ஆவணிக்குள் காலி பண்ணு என்று ராஜாங்கம் ஆயம்மாளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவள் காலி பண்ண மாட்டேன் என்று சொல்லவில்லை. அவர் சொன்னது காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் ராஜாங்கமே கடைக்கு வந்தார்.

"இன்னாம்மா, யாவாரம் எப்பிடிப் போவுது?"

"நீங்க காலி பண்ணச் சொன்னதுல இருந்து நல்லாவே போவுதுங்க."

அவர் நாற்காலியைத் தேடினார். கடையில் ஒரே நாற்காலி, அதில் ஆயம்மாள் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை. ராஜாங்கம் நின்றுகொண்டே விஷயத்துக்கு வந்தார்.

துருகம் சாலையில் கரும்புக் கொல்லையை அழித்து அவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். பெயர் 'அபிநயா மஹால்'. அபிநயா அவர் மகள். மண்டபத்தின் முதல் கல்யாணமே அவளுடையதுதான். யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் மணமேடைக்குப் பின்னால் சுவர் முழுக்க மீன் நீந்துவதைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குத் தூக்கமில்லை. பதினாறு அடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம், மூவாயிரத்து நானூறு லிட்டர். கண்ணாடி வந்தது, தண்ணீர் நிரம்பியது, உளுந்தூர்பேட்டையிலிருந்து சுபாஷ் என்கிற மேடை அலங்காரக்காரர் அறுபது தங்கமீனோடு வந்தார். மூன்றாம் நாள் அறுபதும் மிதந்தன.

மீன் செத்தால் வீட்டின் மேல் விழுந்த கண்ணை அது வாங்கிக்கொண்டு போகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. ராஜாங்கத்துக்கும் உண்டு. "அறுவது திருஷ்டி கழிஞ்சிச்சு" என்று மகிழ்ந்து, மறுபடி அறுபது வாங்கி விட்டார். அதுவும் போயிற்று. மூன்றாவது முறை போனபோது அவர் மனைவியே கேட்டாளாம், "ஊரு சனத்துக்கெல்லாம் வேற வேலயே இல்லியா, நம்மளயே பாத்துக்கினு இருக்குதா?" என்று.

"நூத்தி எம்பது மீன கொன்னுட்டுதான் என் ஞாபகம் வந்துதா?" என்றாள் ஆயம்மாள்.

"நாக்க அடக்குமா. மலையில இருந்து எறங்கி வந்தவளுக்குக் கடை குடுத்தவன் நானு."

"சும்மாவா குடுத்தீங்க? மாசம் பொறந்தா மொத ஆளா வந்து நிக்கிறது யாரு?"

ராஜாங்கம் பல்லைக் கடித்தார். தேவை அவருடையது. "ஏழு வாரம் இருக்குது. கல்யாணத்தன்னிக்கு தொட்டி பளிச்னு இருக்கணும், மீனு உசுரோட இருக்கணும். இருந்தா இந்தக் கடை உனுக்கு. பேக்கரிக்காரன் மீதி நாலு கடைய எடுத்துக்கட்டும். இல்லன்னா ஆவணியோட நடைய கட்டு."

"கெணறு?"

"கெணறுந்தான்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"ராஜாங்கம் வாயால சொன்னா எழுதுன மாதிரி."

இந்த ஊரில் எழுதித் தர மனமில்லாதவர்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம் இது. ஆயம்மாளுக்கும் தெரியும். ஆனால் கிணற்றை விட்டால் அவளுக்கு வேறு வழி இல்லை. சரி என்றாள்.

மறுநாள் மண்டபத்தில் சுபாஷ் ஒரு படத்தை விரித்து வைத்திருந்தார். நீலவெளிச்சம், ரோஸ் நிறக் கூழாங்கல், தண்ணீருக்குள்ளேயே ஒரு மணல் அருவி, நடுவில் பிளாஸ்டிக் தாமரை. ஓரத்தில் மீன்களின் பட்டியல்.

"மேடம், இது நேச்சர் தீம்."

"எந்த நேச்சர்ல ரோஸ் கல்லு இருக்குது?"

ஆயம்மாள் அவர் சட்டைப்பையிலிருந்தே பேனாவை எடுத்துக்கொண்டாள். பட்டியலில் ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தாள். "இது அத தின்னும். அது இத தின்னும். இது ரெண்டயும் தின்னாது, ஆனா மூணடி வளரும், அப்பால மாப்ளைக்குப் பக்கத்துல சேர் போட்டு ஒக்கார வெச்சிடு. டிஸ்கஸ் மீனு நாப்பதா? இந்தப் போர் தண்ணில டிஸ்கஸ் வுட்டா தாலி கட்றதுக்குள்ள கருமாதியே முடிஞ்சிடும்."

"நல்ல காரியம் பேசற எடத்துல இன்னா பேச்சு இது!" என்றார் ராஜாங்கம்.

"நல்ல காரியம்னா நல்லா பண்ணணும். தண்ணியப் பாத்துதான் மீனு. மீன வாங்கியாந்துட்டு தண்ணியத் தேடக்கூடாது."

சுபாஷ் ஆசையாக வாங்கி அடுக்கியிருந்த வெள்ளைக் கல்லில் ஒன்றை எடுத்து, சமையல்கட்டிலிருந்து எலுமிச்சம்பழம் வாங்கி அதன்மேல் பிழிந்தாள். கல் புசுபுசுவென்று நுரைத்தது. "சுண்ணாம்புக் கல்லு. ஏற்கெனவே உப்புத் தண்ணி, இது வேற கரைஞ்சா தண்ணியா இருக்காது, சாந்தா இருக்கும்." கல் வெளியே போயிற்று. நுரைக்காத கருங்கல் துண்டுகள் உள்ளே வந்தன.

பிறகு அவள் தன் பட்டியலைச் சொன்னாள். முதலில் செடி. பின்வரிசை முழுக்க நாடா மாதிரி நீண்டு வளரும் வாலிஸ்னேரியா, அது உப்புத் தண்ணீரில் கொழுக்கும். நடுவில் பத்து அமேசான் சுவார்ட். மரக்கட்டையில் நூலால் கட்டிய ஜாவா ஃபெர்ன், அதை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். மூன்று வாரம் செடி மட்டும். தண்ணீர் பழுத்த பிறகு மீன்: ஜீப்ரா டேனியோ எண்பது, ரோசி பார்ப் அறுபது, பிளாட்டி நாற்பது. கடைசியாக, தரைக்கு அயிரை முப்பது.

"அயிரையா?" ராஜாங்கம் எழுந்தே விட்டார். "கொழம்பு வெக்கிற மீனா? எம் பொண்ணு கல்யாணத்துல மேடைக்குப் பின்னாடி அயிரையா வுடுவ?"

"கொழம்புல போட்டா கொழம்பு மீனு. தொட்டில வுட்டா அதுதான் துப்புரவுக்காரன். போட்டத மிச்சம் வெக்காம தின்னும். உங்க பந்தில அப்பிடி ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்."

"மூணு வாரம் வெறும் செடிய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

"தண்ணி பாக்கத்தான் தெளிவா இருக்குது. அதுக்குள்ள அழுக்கத் தின்ற பூச்சிங்க கண்ணுக்குத் தெரியாம வளரணும். அது வளர்றதுக்கு முன்ன மீன வுட்டா, மீனு தன் மூத்திரத்துலயே சாவும். நீங்க மூணு தடவ பாத்தது அதான். திருஷ்டி இல்ல, மூத்திரம்."

ராஜாங்கம் தன் வாழ்நாளில் இப்படி ஒரு வார்த்தையை, அதுவும் தன் மண்டபத்து மணமேடையில், ஒரு பெண் வாயிலிருந்து கேட்டதில்லை. ஆனால் கையிலிருந்த கணக்கு நூற்று எண்பது பிணம். செடி வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலையே ஆயம்மாள் தொட்டியின் மூடிக்கு ஒரு பூட்டு போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எம் மண்டபத்துல எனுக்கே பூட்டா?"

"உங்களுக்காகத்தான் பூட்டே."

ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால், மண்டபத்தைப் பார்க்க வந்த உறவினர்களுக்கெல்லாம் நேரம் நிறைய இருந்தது. வந்தவர்கள் தொட்டியைப் பார்த்தார்கள். பச்சையாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது, மீன் ஒன்றுகூட இல்லை. "ராஜாங்கம் தொட்டில கோரை பயிர் பண்றாராம், மானியம் உண்டான்னு கேளுங்கப்பா" என்று ஒருவர் ஆரம்பித்துவைக்க, அது துருகம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ராஜாங்கம் தினமும் ஆயம்மாளுக்குப் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. சுபாஷ் அவளுக்குக் 'கீரைக்காரி' என்று பெயர் வைத்தார். அவள் அவரைப் 'பெயிண்டரு' என்றாள். தொட்டியின் மூலையில் 'டிசைன்: சுபாஷ்' என்று ஒரு பளபளப்பான பலகை முளைத்தது. அதை மட்டும் அவள் பிடுங்கவில்லை. "தப்பா போச்சுன்னா யாருன்னு தெரியணுமில்ல" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, தினமும் காலையில் கையில் பையோடு வந்து, பத்து இருபதாக மீனை விட்டாள். ஐந்தாம் வாரம் எல்லாம் உள்ளே இருந்தன. ஒன்றும் மிதக்கவில்லை. யாராக இருந்தாலும் இந்த இடத்தில் ஒரு நன்றி சொல்லியிருப்பார்கள். ராஜாங்கம் ஒரு அரோவானா மீன் வாங்கினார்.

ஜாதகம் பார்க்கிறவர் சொன்னாராம், மணமேடைக்குப் பின்னால் ஓர் அரோவானா இருந்தால் மாப்பிள்ளைக்கு உயர்வு என்று. முன்பக்கம் பூட்டு இருந்ததால், சுபாஷ் பின்பக்கத்துக் கீலைக் கழற்றி, முக்கால் அடி நீளத்தில் வெள்ளி வாள் மாதிரி மினுங்கிய அந்த மீனை உள்ளே விட்டார். மறுநாள் காலை ஆயம்மாள் வந்து எண்ணினாள். எண்பது டேனியோ அறுபத்தொன்பது ஆகியிருந்தது. அரோவானா நடுவில் அசையாமல் நின்றது, வயிறு நிறைந்த பெரிய மனிதர்களுக்கே உரிய அமைதியோடு.

அவள் மீனைப் பிடித்துப் பெட்டியில் போட்டு, கீலைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு, ஆட்டோ ஏறி, நேராக ராஜாங்கத்தின் வீட்டுக்குப் போனாள். கூடம் நிறையப் புடவை விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்காகத் துலக்கி வைத்த பித்தளை அண்டாவில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. மீனை அதில் விட்டாள்.

"இது உங்க வூட்டுது. பதினொரு மீனு தின்னுட்டு வந்திருக்குது. ராத்திரிக்கு எதுவும் போடாதீங்க, செரிக்காது."

கூட்டத்தின் நடுவிலிருந்து ராஜாங்கத்தின் அக்கா ரங்கம்மாள் எழுந்தாள். அந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் அவள் தலையசைக்காமல் நகராது. ஆயம்மாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடி இவ? செருப்புக் காலோட வந்து கல்யாண அண்டால மீன வுடறவ?"

"மீன்காரி. செருப்பு வாசல்ல இருக்குது, பாத்துக்குங்க."

"எந்தம்பி குடுத்த எடம்."

"எடம் இன்னும் குடுக்கலிங்க. குடுக்கறதா சொல்லிக்கினு இருக்காரு."

ரங்கம்மாள் அதை மறக்கவில்லை. அவள் எதையும் மறக்கிற வழக்கமில்லை. அரோவானாவை என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. அந்த வாரம் ஜாதகக்காரர் வீட்டுக்கு ஒரு பெட்டி போனதாக மட்டும் பேச்சு.

ஆவணியில் கல்யாணம் வந்தது. பொய் சொல்ல முடியாது, தொட்டி அழகாகவே இருந்தது. பின்னால் வாலிஸ்னேரியா மூன்றடி உயர்ந்து, நீர்மட்டத்தில் மடிந்து, பம்ப் தள்ளுகிற பக்கமெல்லாம் சாய்ந்து ஆடியது. பார்ப்புகளில் ஆண்கள் செம்புக் குடம் மாதிரி சிவந்திருந்தன. அயிரைகள் கல்லுக்கடியில் மீசையால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. வந்தவர்கள் மணமக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியோடு படம் எடுத்தார்கள். சுபாஷ் தன் பலகைக்குப் பக்கத்தில் நின்று விசிட்டிங் கார்டு கொடுத்துக்கொண்டிருந்தார். மேடையின் ஓரத்தில், பம்ப் சுவிட்சுக்கு அருகே, விடிந்ததிலிருந்து ஆயம்மாள் நின்றிருந்தாள். இன்றைக்கு ஒரு நாள். தாலி ஏறி, பந்தி முடிந்து, மண்டபம் காலியானால் கிணறு அவளுடையது.

தாலி ஏறியது. கெட்டிமேளம் ஓய்ந்தது. அடுத்தது பாலிகை.

பாலிகையைப் பற்றி ஆயம்மாள் யோசிக்கவே இல்லை. அவளுடைய ஊர்க் கல்யாணங்களில் அது கிடையாது. மலைக்குக் கீழே, சமவெளியில் உண்டு. கல்யாணத்துக்குச் சில நாள் முன்பே மண்கிண்ணங்களில் புற்றுமண்ணும் எருவும் போட்டு, நவதானியம் தூவி, சுமங்கலிகள் பாலும் தண்ணீரும் ஊற்றி முளைக்க வைப்பார்கள். தாலி ஏறிய பின் அந்த முளைகளை மண்ணோடு ஏரியிலோ ஆற்றிலோ கரைக்க வேண்டும். மீன் வந்து முளையைத் தின்றால் வம்சம் தழைக்கும். ராஜாங்கத்தின் ஊர் ஏரி அந்த ஆவணியில் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் கோமுகி அணைக்குப் போக வேண்டும்.

ரங்கம்மாள் ஏழு கிண்ணத்தையும் தாம்பாளத்தில் ஏந்தி, பின்னால் ஏழு பெண்களோடு மேடைக்கு வந்தாள். கோமுகிப் பக்கம் போகவில்லை. நேராகத் தொட்டிக்கு வந்தாள்.

"எந்தம்பி ஏரியையே கட்டி மேடையில வெச்சிருக்கான். எதுக்குக் காரு எடுத்துக்கினு அலையறது? சாவியக் குடுடி."

ஆயம்மாள் கிண்ணங்களைப் பார்த்தாள். ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சளாக முளை, அடியில் கறுத்த எரு, அதன்மேல் தயிராகத் திரிந்த பால்.

"இதுல வுடக் கூடாதுங்க. எருவும் பாலும் சேந்தா சாயந்திரத்துக்குள்ள தண்ணி கெட்டுடும். மீனுக்கு மூச்சு முட்டும். கோமுகிக்குப் போங்க, ஜீப்பு வேணும்னா நான் சொல்றேன்."

"தாலி ஏறுன கையோட மணப்பொண்ணு போய் டேம்ல நிக்கணுமா?"

பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ராஜாங்கம் வந்தார். முதலில் சத்தமில்லாமல் சொன்னார். "தொற. அஞ்சு நிமிஷ வேல. சம்பந்தி வூட்டுக்காரங்க பாக்கறாங்க."

"தொட்டி செத்துடும்."

"நாளைக்கி செத்தா எனுக்கு இன்னா? இன்னிக்கி கல்யாணம் முடிஞ்சிது, என் வேல முடிஞ்சிது. உன் வேலயும் முடிஞ்சிது." பிறகு சுற்றிலும் கேட்கும்படி குரலை உயர்த்தினார். "இந்தா, எல்லாரும் சாட்சி. தொற, கடையும் கெணறும் உனுக்குன்னு இங்கியே சொல்றேன். போதுமா?"

எழுதித் தராத மனிதர் முந்நூறு பேர் முன்னால் சொல்கிறார். இதைவிட நல்ல பத்திரம் இந்த ஊரில் கிடையாது. ஆயம்மாளின் கை இடுப்புக்குப் போனது. சாவியைத் தொட்டது. நாற்பத்திரண்டு தொட்டியும் கிணற்றின் வாளியும் அவள் கண்முன் வந்தன. இந்த மீன்கள் அவளுடையவை அல்ல, விற்றாகிவிட்டது. கண்ணாடிக்குள் ஒரு பார்ப் இன்னொன்றைத் துரத்திக்கொண்டு போனது. ஏழு கிண்ண எருவை மூவாயிரத்து நானூறு லிட்டர் தாங்குமா என்று மனசு கணக்குப் போட்டது. தாங்காது என்று வந்தது. இன்னொரு தரம் போட்டது. தாங்கவில்லை.

அப்போது அவள் வாழ்நாளில் அபூர்வமாக ஒரு பணிவான வாக்கியம் பேசினாள். "ஒரே ஒரு கிண்ணத்துல நாலு மொளய மட்டும் கிள்ளிப் போடுங்கம்மா. மண்ணு வேணாம், பாலு வேணாம். மீனு தின்னும், உங்க சாத்திரமும் நெறையும்."

"பாதி கல்யாணமா பண்ணிக்கினு இருக்கோம்?" என்றாள் ரங்கம்மாள்.

ஆயம்மாள் கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். கை வெறுமையாக இருந்தது. "அப்ப தொறக்க முடியாதுங்க."

ராஜாங்கம் சமையல்கட்டைப் பார்த்துக் கத்தினார். தேங்காய் உடைக்கிற அரிவாள் வந்தது. மூன்றாவது அடியில் பூட்டு விட்டுக்கொடுத்தது. ஏழு கிண்ணமும் கவிழ்ந்தன. புண்ணியத்தில் பங்கு கேட்டு யாரோ ஒரு சொம்புப் பாலையும் ஊற்றினார்கள். குங்குமம் விழுந்தது. ஒரு பெரியவர் வெற்றிலைபாக்கோடு ஒரு நாணயத்தையும் போட்டார்.

உடனே ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் வேடிக்கை. பார்ப்புகள் பாய்ந்து வந்து முளையைக் கொத்தின. மீனுக்கு விவஸ்தை ஏது? கூட்டம் கைதட்டியது. ரங்கம்மாளின் முகத்தில் ஏழு தலைமுறைக்கும் வம்சம் தழைத்த மகிழ்ச்சி.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல" என்றார் ராஜாங்கம்.

"இப்ப தின்னும். சாயந்திரம் மெதக்கும்."

"நல்ல நாளும் அதுவுமா இன்னா வாயிடி இது!" ரங்கம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ராஜாங்கத்துக்கு ஏழு வாரத்துக் கோபமும் ஒன்றாக ஏறியது. "கடை கெடையாது. கெணறு கெடையாது. இந்த வாரமே காலி பண்ணு. மீனு மேல அவ்ளோ அக்கறன்னா அதையும் வாரிக்கினு போ!"

"நெசமாவா சொல்றீங்க?"

"போ! ஒண்ணு வுடாம வாரிக்கினு போ!"

முந்நூறு பேரும் கேட்டார்கள். ஆயம்மாள் மூக்கனுக்குப் போன் செய்தாள். "டிரம்முல கெணத்துத் தண்ணி ரொப்பிக்கினு மண்டபத்துக்கு வா." மூக்கன் ஏன் என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஆறு டிரம்மோடும், மலைக்குப் போக ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த நான்கு பேரோடும் வந்து சேர்ந்தார். திடீரென்று மாற்றினால் மீன் தாங்காது என்பதால், ஒவ்வொரு டிரம்மிலும் மண்டபத்துப் போர்த் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொட்டிக்கு மேலே ஏணியைச் சாய்த்து, வலையோடு ஏறினாள்.

மேடையில் மொய் வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. உறவினர்கள் ஒவ்வொரு குடும்பமாக வந்து மணமக்களுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஆயம்மாளின் முதுகு. போட்டோக்காரர் கெஞ்சினார். அபிநயா சிரித்த முகம் மாறாமல் பல்லிடுக்கில் சொன்னாள், "அப்பா, அந்த அக்காவுக்கு இன்னா வேணுமோ குடுத்து அனுப்புப்பா, எல்லா ஃபோட்டோலயும் வர்றாங்க."

"குடுத்தாச்சும்மா, வாரிக்கினுதான் இருக்குது" என்றார் ராஜாங்கம். சொன்ன வார்த்தையை முந்நூறு பேர் முன்னால் திரும்ப எடுக்க வழியில்லை. எடுக்க நினைத்தாரோ என்னவோ, முகத்தில் அது தெரியவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா பக்கத்திலிருந்தவரிடம் இதுவும் புரோகிராமில் உண்டா என்று விசாரித்தார்.

சுபாஷ் ஏணியடியில் வந்து நின்றார். "மேடம், செடியையாவது வுட்டுட்டுப் போங்க. ரிசப்ஷன் இருக்குது."

"செடி உங்களுக்குத்தான். எருவு வேற போட்டிருக்காங்க, நல்லா வரும். பலகைய மட்டும் மறந்துடாதீங்க பெயிண்டரே."

டேனியோ சுலபத்தில் பிடிபடாது. வலை வருவதற்குள் மூலைக்கு மூலை பறக்கும். பந்தி மூன்று சுற்று முடிந்தது. தண்ணீர் அதற்குள் நீராகாரம் மாதிரி கலங்கிவிட்டது. கடைசியில் அயிரைகளைக் கல்லைப் புரட்டிப் புரட்டி, கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே பிடித்தாள். ரங்கம்மாள் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, வெற்றிலை மென்றுகொண்டே, முடிகிற வரை கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை வரவேற்பு ஆரம்பிக்கும்போது பதினாறு அடித் தொட்டி முழுவதும் வெள்ளையாக இருந்தது, வாடையும் வந்தது. சுபாஷ் அதன்மேல் மல்லிகைச் சரத்தால் ஒரு திரை தொங்கவிட்டார்.

அன்று ஆயம்மாள் தொட்டியில் இருந்த நூற்றுத் தொண்ணூற்றொன்பது மீன்களையும் பிடித்தாள். வழியில் ஆறு செத்தன. மீதியைத் தன் கடைக்குக் கொண்டுபோய் விட்டாள். நான்கு நாளில் மீனும் தொட்டியுமாக மூக்கனின் ஜீப்பில் ஏற்றிக் கடையைக் காலி செய்து, சாவியை ராஜாங்கத்தின் வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள்.